கம்பத்தடியைப் பெருக்கியவர்கள்

உங்கள் பயிற்சிக் கையேட்டில் பறவைகளைப் பற்றி நாலு பக்கம் இருக்கிறது. படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். காற்றாலைக்குக் கீழே எவ்வளவு தூரம் சுற்றித் தேட வேண்டும், எத்தனை நாளைக்கு ஒருமுறை தேட வேண்டும், செத்த பறவையை எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. எங்கள் காலத்தில் இதில் நாலு வரிகூடக் கிடையாது. அதனால்தான் தப்பு நடந்தது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நான் செய்த தப்பு உங்கள் நாலு பக்கத்திலும் இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பெருமைப்பட ஒன்றும் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தைந்து வயது. விழுப்புரம் ஆபீஸில் பொறியாளராகச் சேர்ந்து தகுதிகாண் பருவம்கூட முடியவில்லை. காற்றிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்று சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள். எங்கேயெல்லாம் காற்று தேறும் என்று தெரியாததால் அங்கங்கே ஒரு கம்பம் நட்டு, உச்சியில் காற்றை அளக்கும் கருவியை மாட்டி, ஒரு வருஷம் அளந்து எழுத வேண்டும். காற்று தேறினால் அங்கே காற்றாலைகள் வரும். எனக்குக் கிடைத்தது திண்டிவனம் பக்கம்.

எங்கள் மேலதிகாரி ஓய்வுபெறும் வயதில் இருந்தவர். குரலை உயர்த்தாதவர், எனக்குக் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தவர். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நான் முழித்துக்கொண்டிருந்தபோது அவர்தான் வழி சொன்னார். “மேப்ப மூடு. ஊருக்குள்ள போயி எந்தக் களத்துல தூத்துறாங்கன்னு கேளு. அவங்களுக்குத் தெரியாத காத்தா உனக்குத் தெரியப்போவுது?”

அப்படித்தான் அந்தப் பாறையைக் கண்டுபிடித்தேன். கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாடகை சைக்கிளில் மேற்கே ஒரு மணி நேரம் மிதிக்க வேண்டும். ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏரிக்கரையை ஒட்டி, நாலு கல்யாணப் பந்தல் போடுகிற அளவுக்குப் பரந்த தட்டைப் பாறை. ஊர் விவசாயிகளுக்கு அதுதான் களம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காயப்போடுவது, கேப்பை அடிப்பது, நெல் தூற்றுவது எல்லாம் அங்கேதான். மற்ற இடங்களில் இலை அசையாத நாளிலும் அங்கே முறத்தைத் தூக்கினால் பதர் தனியாகப் பறந்து ஏரிப் பக்கம் போய் விழும் என்றார்கள். நானே ஒரு முறம் வாங்கித் தூற்றிப் பார்த்தேன். பதர் போனது, கூடவே கொஞ்சம் நெல்லும் போனது, பெண்கள் சிரித்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

நான் போனது ஆடி மாதம். ஏரி வறண்டு, உள்ளே மாடு மேய்ந்துகொண்டிருந்தது. மழைக்குப் பிறகு அந்த ஏரி எப்படி இருக்கும், யாரெல்லாம் வருவார்கள் என்று நான் கேட்கவில்லை. காற்று நுழைந்து போகிற வழியாகத்தான் பறவையும் போகும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இடத்தைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆவணியில் கம்பம் எழுந்தது. எழுபது அடி உயரம். அது சாயாமல் இருக்க நாலு பக்கமும் மூன்று அடுக்காக ஸ்டே கம்பி இழுத்துக் கட்டினோம். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத இரும்புக் கம்பி. நூறு தப்படி தள்ளி நின்றால் கம்பம் தெரியும், கம்பி தெரியாது. சுற்றிலும் முள்வேலி போட்டு, கேட் வைத்து, காவலுக்கு ஆள் போட்டோம். அவர் பெயர் சின்னப்பன். காலனியில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. நிலம் கிடையாது. அதே பாறையில் மற்றவர்களுக்கு நெல் அடித்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தவர். தற்காலிக வேலைதான், ஆனால் காக்கிச் சட்டையும் கேட் சாவியும் உண்டு. ஊர்க்காரர்கள் களத்துக்கு வந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வேலிக்குப் பக்கத்தில் வண்டியை விடுவார்கள். இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். ஒரு திங்கட்கிழமை நான் போனபோது வேலிக்குள்ளே ஆட்டுப் புழுக்கை, மல்லாட்டைத் தோல், பீடித் துண்டு எல்லாம் கிடந்தன. அடுத்த வாரம் மேலதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு இருக்கிற மிடுக்கோடு நான் சின்னப்பனைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். ஆபீசர் வருகிறபோது இடம் துடைத்து வைத்த மாதிரி இருக்க வேண்டும், கீழே ஒரு துரும்பு கிடந்தாலும் நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று சத்தம் போட்டேன். அவர் மனைவி ஆரோக்கியம் வேலிக்கு வெளியே தூக்குப் பாத்திரத்தோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லை. நான் போகிற ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாறை பெருக்கி, தண்ணீர் தெளித்து, கம்பத்தடியில் சின்னதாக ஒரு கோலம் போட்டிருக்கும். வேதக்காரக் குடும்பம், அவர்கள் வீட்டு வாசலில்கூடக் கோலம் கிடையாது. எனக்காகத்தான் போட்டார்கள். மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு என் முதுகைத் தட்டினார். நம் அதட்டல் வேலை செய்கிறது என்று நான் மார்தட்டிக்கொண்டேன்.

கார்த்திகையில் ஏரி நிரம்பியது. திண்டிவனத்திலிருந்து வனத்துறை அதிகாரி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். அந்த ஏரிக்கு நாரை, சிறகி, அரிவாள் மூக்கன், கூழைக்கடா எல்லாம் கூட்டமாக வரும், உங்கள் கம்பத்திலும் கம்பிகளிலும் அவை அடிபடுகின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள், காற்றாலை வைப்பது பற்றி முடிவு செய்யும் முன் எங்களுக்கு அது தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார். பதில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுகிற ஆள் இல்லை நான். அடுத்த மூன்று திங்கட்கிழமையும் பாறை முழுக்கச் சுற்றினேன். கம்பிக்குக் கீழே, வேலி ஓரம், கரைச் சரிவு எல்லாம் பார்த்தேன். ஒரு இறகுகூட இல்லை. வாரந்தோறும் நேரில் சென்று பார்த்ததில் பறவைகளுக்குப் பாதிப்பு ஏதும் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி ஒரு எழுத்துகூடத் திருத்தாமல் அனுப்பினார்.

நான் பொய் எழுதவில்லை. பார்த்ததைத்தான் எழுதினேன். அதுதான் இன்றைக்கும் என்னை அதிகம் உறுத்துகிறது.

மார்கழி கடைசி. பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் திங்கட்கிழமை வேலையைச் சனிக்கிழமையே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளி இரவு திண்டிவனத்தில் நண்பன் அறையில் தங்கி, விடிவதற்கு முன்பே முதல் பஸ்ஸின் தலையில் அவன் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சின்னப்பனுக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது நன்றாக வெளுத்திருந்தது, ஆனால் பனி. கம்பத்தின் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியவில்லை. சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்கையில் மேலே எங்கேயோ ‘டங்’ என்று ஒரு சத்தம். இழுத்துக் கட்டிய கம்பியைக் கம்பால் தட்டினால் வருகிற சத்தம். தொடர்ந்து பாறையில் ஏதோ பொத்தென்று விழுந்தது.

ஆரோக்கியம் பனிக்குள்ளிருந்து கூடையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே இரண்டு சிறகி, ஒரு நாரை. நாரையின் கழுத்து கூடைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் சின்னப்பன் மண்வெட்டியோடு நின்றார். அப்போது விழுந்தது ஒரு அரிவாள் மூக்கன். சாகவில்லை. ஒரு இறக்கை முறிந்து, மற்றதை மட்டும் அடித்துக்கொண்டு பாறைமேல் வட்டமாகச் சுற்றியது. சின்னப்பன் தோளில் கிடந்த துண்டை அதன்மேல் போட்டு மூடித் தூக்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது துண்டு மட்டும்தான் கையில் இருந்தது.

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஏரி ரொம்பினதிலிருந்து என்றார் சின்னப்பன். பனி இல்லாத நாளில் ஒன்றோ இரண்டோ, பனி இறங்கினால் அதிகம், விடியற்காலையில் ஏரியை விட்டு வயலுக்குக் கிளம்பும்போதுதான் அடிபடுகின்றன என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டபோது என் குரல் உயர்ந்துவிட்டது. பதில் சொன்னது ஆரோக்கியம்.

“கீழ ஒண்ணும் கெடக்கக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க. ஆட்டுப் புழுக்கைக்கே அவர அந்தத் திட்டு திட்டினீங்க. இது கெடந்தா என்னா சொல்லுவீங்களோன்னுதான் தெனமும் வெள்ளன வந்து வாரிக்கினு போறோம்.”

பாறைக்குப் பின்னால் சின்னப்பன் வெட்டியிருந்த குழியைப் போய்ப் பார்த்தேன். மூன்று குழிகள் ஏற்கெனவே மூடியிருந்தன. நான்காவதின் ஓரத்தில் இறகுகள் மண்ணோடு ஒட்டிக்கிடந்தன. சிறகி, நாரை என்றால் சில நாள் ஆக்கித் தின்றோம், பொய் சொல்ல மாட்டேன், கூழைக்கடாவை மட்டும் தின்பதில்லை என்றார் சின்னப்பன். நான் மூன்று வாரம் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு முப்பது தப்படி தூரம்தான். கோபம் யார்மேல் என்று தெரியவில்லை.

திரும்பும்போது சின்னப்பன் கரை வரைக்கும் கூடவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மனைவி சொன்னது மட்டும் காரணமில்லை என்றார். வனத்துறை ஆள் ஒருவர் டீக்கடையில் விசாரித்தது அவர் காதுக்கு வந்திருந்தது. பறவை சாவது தெரிந்தால் கம்பத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம்.

“கம்பம் போச்சின்னா சாவியும் போயிடும் சார். திரும்ப அவங்க களத்துல போயி கைகட்டிக்கினு நிக்கணும். இப்பதான் சார் என்னப் பேர் சொல்லிக் கூப்புடுறாங்க.”

அவரிடமிருந்து சைக்கிளை வாங்கிக்கொண்டு ஏறி மிதித்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனேன், எதையும் ருசித்துச் சாப்பிட முடியவில்லை.

திரும்பி வந்து மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருத்தக் கடிதம் போடு, தாராளமாகப் போடு, நானே அனுப்புகிறேன் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். “செத்தத யாரு எடுத்தாங்க, யாரு சொல்லி எடுத்தாங்கன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன எழுதுவ?”

அவர் என்னைத் தடுக்கவில்லை. இதை நியாயமாகச் சொல்ல வேண்டும். யோசித்து எழுது என்று மட்டும் சொன்னார். நான் நாலு நாள் யோசித்தேன். உண்மையை எழுதினால் சின்னப்பனுக்கு வேலை போகும். யார் சொல்லி எடுத்தார்கள் என்று எழுதினால் என் தகுதிகாண் பருவம் என்ன ஆகுமோ. இந்த இரண்டில் எது என் கையைப் பிடித்தது என்று அப்போது கேட்டிருந்தால் சின்னப்பன் என்று சொல்லியிருப்பேன். இப்போது எழுபதை நெருங்கிவிட்டேன், உங்களிடம் பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது? என் வேலையைப் பற்றித்தான் பயந்தேன். சின்னப்பனின் பெயர் அதற்கு வசதியாக இருந்தது.

கடிதம் போடவில்லை. மனசைச் சமாதானப்படுத்த ஒரு காரியம் செய்தேன். வெள்ளை உரச்சாக்குகளைக் கிழித்து நானும் சின்னப்பனும் ஸ்டே கம்பிகளில் கட்டினோம், கண்ணில் பட்டாலாவது ஒதுங்கிப் போகட்டும் என்று. ஏணி எட்டிய உயரம் வரைக்கும்தான் கட்ட முடிந்தது. பறவைகள் அடிபட்டது அதற்கு மேலே. குறைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வாரமும் கேட்பேன், குறைந்திருக்கிறது சார் என்பார். அவர் வேறு என்ன சொல்வார்? அவர் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டிவிட்டு வருவேன். கோலம் மட்டும் அதற்குப் பிறகு இல்லை. ஆரோக்கியம் பாறைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

மாசியில் ஒருநாள் திண்டிவனம் பஸ் நிலையத்தில் அந்த வனத்துறை அதிகாரியைப் பார்த்தேன். அவரே வந்து கைகொடுத்தார். தானே ஒரு வாரம் அங்கே போய்த் தங்கிப் பார்ப்பதாக இருந்ததாம். வாரந்தோறும் நேரில் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறாரே என்று நம்பி, வேறு ஏரிக்குப் போய்விட்டாராம். எனக்கு நன்றி சொன்னார். அந்த இடத்தில், பஸ் கிளம்புவதற்குள், ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சௌக்கியமா சார் என்று கேட்டுவிட்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன்.

கம்பம் அடுத்த ஆவணி வரை நின்றது. ஒரு வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்ததில் காற்று போதவில்லை. நெல் தூற்றப் போதும், கரண்ட் எடுக்கப் போதாது. காற்றாலை வராது என்று முடிவானது. இதற்குப் பறவை காரணமில்லை, யாருடைய கடிதமும் காரணமில்லை. கம்பத்தைக் கழற்ற ஆட்களோடு நான்தான் போனேன்.

சின்னப்பன் காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதன்மேல் சாவி. இரண்டையும் என் கையில் கொடுத்தார். சட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன், வேண்டாம் என்றார். கம்பம் படுத்தது. ஆட்கள் கம்பிகளைச் சுருட்டி லாரியில் போட்டார்கள். உரச்சாக்குத் துண்டுகள் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் முடிந்து நான் லாரியில் ஏறப்போகும்போது அவர் பக்கத்தில் வந்தார். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாத விஷயத்தைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

“காத்து பத்தலன்னுதான் எடுக்கிறீங்கன்னா, அத்தினியும் வாரிப் பொதச்சமே, அது எதுக்கு சார்?”

நான் ஏறிக்கொண்டேன், லாரி கிளம்பிவிட்டது. கூட்டேரிப்பட்டு வரும்வரை சாவியைக் கையிலேயே வைத்திருந்தேன். அறுப்புக் காலத்தில் அவர் அதே பாறையில் நெல் தூற்றிக்கொண்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்க்கிற யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருக்க மாட்டேன். என் கடிதம் கோப்பில் இருந்தது. நல்ல கடிதம், திருத்தமில்லாத கடிதம். வேறு ஊர்களில் கம்பம் நட்டவர்கள், பறவையைப் பற்றி யாராவது கேட்டால், அந்தக் கோப்பை எடுத்து என் வரியை அப்படியே பார்த்து எழுதினார்கள். சிலர் நேரில் போய்ப் பார்த்திருப்பார்கள், சிலர் போயிருக்க மாட்டார்கள். வரி ஒன்றுதான். எத்தனை ஊருக்கு அது போனது என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு முறை நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கோப்பில் இரண்டாவதாக ஒரு கடிதமும் இருந்திருக்கும்.

பல வருஷம் கழித்து, நானே மேலதிகாரியாகிவிட்ட பிறகு, தெற்கே ஒரு பெரிய காற்றாலைப் பண்ணையைப் பார்வையிடப் போனேன். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெள்ளைத் தூண்கள், மேலே சுற்றிக்கொண்டிருக்கும் இறக்கைகள். பக்கத்தில் ஒரு குளம், நிறைய தண்ணீர். பொறுப்பாளராக இருந்த இளம் பொறியாளர், உங்கள் வயதுதான், மாலையும் இளநீருமாகக் காத்திருந்தார். பறவை ஏதாவது அடிபடுகிறதா என்று கேட்டேன். பாதிப்பு ஏதும் காணப்படவில்லை சார் என்றார். பொய் சொல்கிற முகமில்லை.

நான் குனிந்து பார்த்தேன். தூணைச் சுற்றித் தரை பெருக்கியிருந்தது. விளக்குமாற்றின் கீறல்கள் மண்ணில் அப்படியே இருந்தன. தண்ணீர் தெளித்த ஈரம் காயவில்லை. இதை யார் பெருக்கியது என்று கேட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் விளக்குமாற்றோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நான் திட்டப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பயந்துபோய்ச் சொன்னார்.

“நீங்க வாரீங்கன்னுதான் சார்.”